கரண்டு நாற்காலிக்குப் பூசை போட்ட கதை

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒருத்தி காலும் கையும் விழுந்து கிடந்த கதையைக் கேட்க வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் நோயாளி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரியா இருக்கிறது? கல்யாணப் பந்தியில் பாயசம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் மாதிரி இருக்கிறது. சரி, கேட்டுத் தொலையுங்கள். என் இடது கையில் ஒரே ஒரு விரல்தான் நான் சொன்னால் கேட்கும். அதை வைத்துப் போனில் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் விரலைத் திட்டுங்கள்.

பெயர் பூங்காவனம். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு வட்டாரத்தில் அடுக்குமாடி வீடு, ஆறாவது மாடி. மகள் மல்லிகா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மருமகன் சேகர் லோரி ஓட்டுகிறார். பேத்தி கோலாலம்பூரில் படிக்கிறாள். அவர்கள் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் டிவியும்தான். டிவி பேசும், நான் அதைத் திட்டுவேன். நல்ல குடும்பம்.

முதலில் கோப்பை விழுந்தது. பள்ளிக்கூட கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் ஏழு கோப்பை உடைத்தேன். பிறகு ரவிக்கை ஊக்குப் போட முடியவில்லை. பிறகு நடை மாறியது. குடிக்காமலே குடிகாரி மாதிரி நடந்தேன். ஒரு நாள் பாசாரில் மீன் வாங்கப் போனவள் மீன்காரன் பலகை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கச் சொன்னால் கால் எழுந்திருக்கவில்லை. மீன்காரன், "அக்கா, பேரம் பேசணும்னா நின்னுக்கிட்டே பேசலாம் லா" என்றான். நானும் சிரித்தேன். அவன் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உள்ளே குளிர்ந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தால், நம் நம்பர் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர் குடும்பம் முழுக்க நமக்குச் சொந்தமாகிவிடும். அப்படி நான்கு தடவை சொந்தம் சேர்த்த பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைப்பார்கள். உள்ளே யாரோ தகரக்கூரை அடிக்கிற மாதிரி சத்தம். அசையக்கூடாது என்றார்கள். அசைய முடியாமல்தானே வந்திருக்கிறேன் என்று மலாயில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி ஒரு சீனர். நோட்டில் படம் போட்டுக் காட்டினார். கழுத்து எலும்புக்குள்ளே ஒரு நரம்புக் கயிறு ஓடுகிறதாம். தண்டுவடம் என்று பெயர். மூளை சொல்வதைக் கைக்கும் காலுக்கும் கொண்டுபோவது அதுதான். எனக்கு எலும்பு தேய்ந்து, உள்பக்கம் வளர்ந்து, அந்தக் கயிற்றை நெருக்குகிறது. ரப்பர் குழாயில் தண்ணீர் போகும்போது ஒருவன் அதன்மேல் ஏறி நின்றால் எப்படி? அப்படி.

மல்லிகா கேட்டாள். "ஆபரேஷன் பண்ணா அம்மா நடப்பாங்களா டாக்டர்?"

ஏறி நிற்கிறவனை இறக்கிவிடலாம், ஆனால் நசுங்கின குழாய் பழையபடி ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்தத்தான் ஆபரேஷன் என்றார். மல்லிகா அதைத் தமிழில் எனக்குச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிட்டாள். விழுங்கின பாதி அவள் தொண்டையில் நின்றது. நான் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலது கை மூடிய கையாகவே இருந்தது. கால் இரண்டும் மரக்கட்டை. மூத்திரம் குழாயில் போனது. அந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? மேலே கூரைப் பலகையில் நாற்பத்தெட்டு ஓட்டை ஒரு வரிசை. விடியும்வரை எண்ணுவேன். சாமி, இன்றைக்கே கூப்பிட்டுக்கொள் என்பேன். காலையில் மிஸ்ஸி, நர்ஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், வந்து பிரஷர் பார்த்து, "பாகுஸ், மக்சிக், நல்லாயிருக்கு" என்பாள். மலாயில் பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி அந்த மக்சிக். சாமியிடம் என் போன் நம்பர் இல்லை போலிருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஹமீதாம்மா. சூலியா தெருவில் மகனுக்குச் சாப்பாட்டுக்கடை. இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்தார். நான் சோற்றைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட மூன்றாவது நாள், கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

"ஏ பூங்காவனம், சாவுறதுன்னா சாப்பிட்டுட்டு சாவு. எம் மவன் மீன் கொழம்பு அனுப்பிருக்கான். வீணாப் போச்சுன்னா நான் விடமாட்டேன்."

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு, ஹமீதாம்மா."

"பேசுறதைப் பாத்தா அப்படித் தெரியலையே!"

மல்லிகா ஊட்டினாள். இரவு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். ஒரு வாய் எனக்கு, ஒரு கொட்டாவி அவளுக்கு. அப்படியே மாறி மாறி.

அன்றைக்குத்தான் வராந்தாவில் சேகர் பேசுவது என் காதில் விழுந்தது. காது மட்டும் எனக்கு முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

"பட்டர்வொர்த்துல ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அத்தை தனியா என்ன பண்ணுவாங்க? கட்டில்ல கெடந்தாப்ல தீப்பிடிச்சா யாரு தூக்குவா?"

மல்லிகா பதில் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம், முன்பின் தெரியாத கிழவிகள் வரிசையில் நானும் ஒரு கட்டில். என் ஜோக்குக்கு யார் சிரிப்பார்கள்? அதிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். என் வீட்டுக்குப் போக வேண்டும். ஆறாவது மாடி, என் கட்டில், என் டிவி. எப்படியாவது.

அப்போதுதான் ஐனி வந்தாள். கைகால் பயிற்சி கொடுக்கிற மலாய்ப் பெண். என் இடது கையைப் பிடித்து, விரல் விரலாக அசைத்துப் பார்த்தாள். இந்த ஒரு விரலே போதும், கரண்டு நாற்காலி ஓட்டலாம் என்றாள். ஒரு சங்கத்தில் இரவலுக்கு ஒன்று இருக்கிறது. யாராவது தூக்கி உட்கார வைத்துவிட்டால், வீட்டில் நானே கட்டிலிலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து வாசலுக்கு, லிஃப்டில் ஏறிக் கீழே ஓட்ட வேண்டும். ஆபத்து வந்தால் நானே புரிந்துகொண்டு நிறுத்த வேண்டும். அது முடிந்தால் தனியாக வீட்டில் இருக்கலாம் என்று அவள் எழுதிக் கொடுப்பாள். முடியாது என்று தெரிந்தால் நாற்காலி திரும்பப் போய்விடும். நான் பட்டர்வொர்த்துக்குப் போய்விடுவேன்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓட்டினேன். மாமியார் கொடுமைக்காரி என்பார்கள், ஐனியைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். உட்கார்ந்ததும் பெல்ட். இடுப்பு பின்னால் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி இறங்கிவிடுவோம். கால் இரண்டும் பலகைமேல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் எனக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. பாதம் கீழே இழுபட்டாலும் தெரியாது. கட்டிலுக்கு மாற்றும்போது சுவிட்சை அணைக்க வேண்டும். முழங்கை பட்டு நாற்காலி ஓடிவிடுமாம். பின்பக்கம் கனமான பையைத் தொங்கவிட்டால் மேட்டில் ஏறும்போது மல்லாந்துவிடும். சரிவில் நேராகத்தான் இறங்க வேண்டும், கோணலாகப் போனால் சாய்ந்துவிடும்.

வேகத்துக்கு ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் ஆமை படம், ஒரு பக்கம் முயல் படம். நான் முயலைத் தொட்டதும் ஐனி என் கையில் தட்டினாள். "பெலான்-பெலான், மக்சிக்!" மெதுவாக, மெதுவாக. அந்த வார்த்தையை அவள் தூக்கத்திலும் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றைச் சொன்னாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் பின்னால் இரண்டு நெம்பிகள். அதைத் திருப்பினால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகும். அப்போதுதான் ஆள் தள்ள முடியும். ஆனால் பிரேக்கும் அதோடு போய்விடும். இந்த நாற்காலியில் பிரேக் மோட்டாரிலேயே இருக்கிறது. நெம்பி தள்ளுகிற பக்கம் இருந்தால், நான் விரலால் தள்ளி ஓட்டுகிற கைப்பிடிப் பக்கத்து லைட் மினுக்கும். மினுக்கினால் யாரையும் தொடவிடக்கூடாது. நெம்பியைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சரிவில் அந்த நெம்பியைத் தொடவே கூடாது.

பத்துத் தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். லைட் மினுக்கினால் நெம்பி. லைட் மினுக்கினால் நெம்பி. எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் கதவு நிலையில் இடித்தேன். இரண்டாம் நாள் சமையலறை வரை போனேன். மூன்றாம் நாள் நானே லிஃப்டுக்குள் நுழைந்து கீழே இறங்கி, தபால்பெட்டி வரை போய்த் திரும்பினேன். அந்த நாற்பது அடியை நான் எந்தக் கோயில் தேருக்கும் கொடுக்கமாட்டேன். ஐனி பார்க்க வருவது திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை காலையில் சேகர் லீவு போட்டிருந்தார்.

"அத்தை, வண்டிக்கு இன்னும் பூசை போடல."

"இது நாற்காலி, மாப்பிள்ளை."

"பேட்டரி இருக்கு, மோட்டார் இருக்கு, ஹார்ன் இருக்கு. வண்டின்னா வண்டிதான். என் லோரிக்கே நான் பூசை போடாம ஒரு நாள் எடுத்ததில்ல. நீங்க தனியா ஓட்டப் போறது. பூசை போடாம விட்டா எனக்கு மனசு கேக்காது."

நம் ஆட்கள் புதுக் காடி, அதாவது கார், வாங்கினால் செய்வதுதான். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுக்க வேண்டும். திருஷ்டி போய்விடும். எனக்கும் ஆசைதான். ஏன் பொய் சொல்ல? நாலு பேர் பார்க்க மாலை போட்ட வண்டியில் உட்கார வேண்டும் என்று ஆசை.

நாற்காலியை லோரியில் ஏற்றினார். ஏற்ற வேண்டும் என்றால் தள்ள வேண்டும், தள்ள வேண்டும் என்றால் நெம்பியைத் திருப்ப வேண்டும். திருப்பினார். என்னை மல்லிகா தன் காடியில் கூட்டிவந்தாள். டத்தோ கிராமாட் பக்கத்துக் கோயில். வாசலில் வண்டிப் பூசை போடுகிற இடம் சற்றுச் சரிவு, நேராக ரோட்டைப் பார்த்து இறங்கும். நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பெரிய சக்கரம் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். பழம் முட்டுக்கொடுத்து நின்றதால் நாற்காலி நகரவில்லை. எல்லாம் சரியாக இருப்பது மாதிரி நின்றது. இருவரும் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மல்லிகா பெல்ட் போட்டுவிட்டு அர்ச்சனைச் சீட்டு வாங்க உள்ளே போனாள்.

"ராகுகாலம் வரப்போகுது, வண்டிய எடுங்கம்மா" என்றார் ஐயர்.

சுவிட்சைப் போட்டேன். லைட் மினுக்கியது.

பின்னால் ஒரு பெரிய புதுக் காடி முறைக்காக நின்றது. அதன் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பூக்காரி பார்த்தாள். கைப்பிடியைத் தள்ளினேன். நாற்காலி அசையவில்லை.

"அத்தை, லைட்டு என்னமோ மினுக்குதே" என்றார் சேகர்.

"பேட்டரிக்குத் தூக்கம். தள்ளுங்க, மாப்பிள்ளை. எல்லாரும் பாக்குறாங்க."

"தள்ளலாமா?"

"தள்ளுங்கன்னா தள்ளுங்க!"

தள்ளினார். சளக் சளக் என்று இரண்டு பழமும் நசுங்கின. யாரோ கைதட்டினார்கள். அதற்குள் நாற்காலி சேகர் கையைவிட்டுப் போய்விட்டது.

கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். ஒன்றுமில்லை. சுவிட்சை அணைத்தேன். ஒன்றுமில்லை. ரோட்டில் ஒரு பஸ் போவது தெரிந்தது. சேகர் கத்திக்கொண்டு ஓடிவருவது கேட்டது. எத்தனை ராத்திரி சாமியிடம் கூப்பிட்டுக்கொள் என்று கேட்டிருக்கிறேன். அந்தச் சரிவில் ஒரே வார்த்தைதான் வந்தது. வேணாம், வேணாம், வேணாம்.

பூக்காரியின் மேசையில் மோதி நின்றது. மல்லிகைப்பூவும் தண்ணீரும் மடியில் கொட்டின. பெல்ட் இல்லாவிட்டால் நான் பூக்காரி மடியில் இருந்திருப்பேன். கால்பலகை வளைந்து என் பாதம் அதற்குள் மாட்டியிருந்தது. ரத்தம் வந்ததை மல்லிகா பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டைவிரல் எலும்பு முறிவு. வலிக்கவில்லை. வலிக்காததை நினைத்துத்தான் அழுதேன்.

திங்கட்கிழமை ஐனி வந்தாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். வளைந்த பலகையைப் பார்த்தாள். சக்கரத்தில் காய்ந்த எலுமிச்சம்விதையை விரலால் எடுத்துப் பார்த்தாள். மல்லிகா, "லிஃப்ட் கதவுல..." என்று ஆரம்பித்தாள். சேகர் நிறுத்தினார். நடந்ததைச் சொன்னார்.

ஐனி என்னைப் பார்த்து மலாயில் கேட்டாள். லைட் மினுக்கியதா? ஆமாம். மினுக்கும்போது தள்ளச் சொன்னது யார்?

நான் என்று சொன்னால் என்ன ஆகும்? தெரிந்தே ஆபத்தில் போகிறவள், தனியாக விட முடியாது என்று எழுதுவாள். பட்டர்வொர்த்.

"நான்தான்" என்றார் சேகர். "லைட்டு மினுக்குது, வேணாம்னுதான் அத்தை சொன்னாங்க. நான் கேக்கல. நெம்பியத் திருப்பினதும் நான், மறந்ததும் நான்."

ஐனி அவரைத் திட்டினாள். லோரி ஓட்டுகிற ஆளுக்குப் பிரேக் தெரியாதா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வாயாடி என்று பெயர் எடுத்தவள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் போன பிறகு கேட்டேன். "எதுக்கு மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?"

"என் பேரைச் சொன்னா திட்டுதான விழும், அத்தை. உங்க பேரைச் சொன்னா வண்டி போயிடும்."

"நீங்கதான என்னைய பட்டர்வொர்த்துக்கு அனுப்பப் பாத்தீங்க?"

"தனியா கெடந்து என்னமாச்சும் ஆயிடுமேன்னு பயந்தேன். தபால்பெட்டி வரைக்கும் போயிட்டு வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் அந்தப் பேச்சு எனக்கே புடிக்கல."

நாற்காலி ரிப்பேருக்குப் போனது. இரண்டு வாரம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். திரும்பி வருமா என்று தெரியாது. சேகர் ஆஸ்பத்திரிக்குப் போய், நெம்பி, பெல்ட், சரிவு எல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார். ஐனி அவரையே நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினாளாம். முகம் வெளுத்துப்போய் வந்தார். கடைசியில் நாற்காலி வந்தது. மறுபடி ஓட்டிக் காட்டினேன். ஆமை வேகத்தில், ஒரு சுவரையும் தொடாமல். ஐனி கையெழுத்துப் போட்டாள். "ஆபத்தைப் புரிந்துகொள்கிறார்" என்று அதில் எழுதியிருக்கிறது என்று மல்லிகா படித்துச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் அடுக்குமாடி முழுக்க வேறு கதை ஓடியிருந்தது. கீழே சாயாக்கடையில் சேகர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். அவர் அங்கே போவதையே விட்டுவிட்டார். வீட்டிலேயே சாயா போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டால், "கடைச் சாயா இனிப்பு ஜாஸ்தி" என்றார்.

நேற்றுக் காலையில் நான் தனியாகத் தபால்பெட்டிக்கு இறங்கினேன். நான்காவது மாடி லெட்சுமி இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். லெட்சுமியின் மகள் ஆஸ்பத்திரியில் ஐனி வேலை செய்கிற அந்தப் பகுதியிலேயே சீட்டுக் கொடுக்கிறவள். அங்கே மதியம் தும்மினால் இங்கே சாயந்திரம் ஜலதோஷம் விசாரிப்பார்கள். இங்கே தும்மினாலும் அப்படித்தான்.

லெட்சுமி குனிந்து என் காதருகே வந்தாள். "அக்கா, ஒரு வார்த்தை. ஒம்மருமகன்தான் ஒன்னையச் சரிவுல தள்ளி விட்டாராமே? இல்லத்துக்கு அனுப்ப முடியலன்னு..."

முதலில் நாற்காலியின் சுவிட்சை அணைத்தேன். நின்று பேசும்போது அணைத்துவிட வேண்டும்.

"ஆமா லெட்சுமி, தள்ளினாரு."

மூன்று பேருக்கும் கண் விரிந்தது. பாயசம் வந்துவிட்ட மாதிரி.

"நான் தள்ளச் சொன்னேன், தள்ளினாரு. லைட்டு மினுக்குச்சு. மினுக்குனா தொடக்கூடாதுன்னு எனக்குப் பாடம் பண்ணிக் குடுத்திருந்தாங்க. அவரு தள்ளலாமான்னு கேட்டாரு. எனக்குத்தான் நாலு பேரு பாக்குறாங்கன்னு வெக்கம். தள்ளுங்கன்னு கத்தினேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்காரி வந்து கேட்டப்ப, பழிய அவரு எடுத்துக்கிட்டாரு. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

லெட்சுமி பதறிவிட்டாள். "ஐயோ அக்கா, சத்தம் போட்டுச் சொல்லாத. அவங்க காதுக்குப் போச்சுன்னா வண்டிய எடுத்துக்குவாங்களே!"

"போகும். ஒம்மககிட்ட நீ இன்னிக்கே சொல்லுவ. எனக்குத் தெரியாதா?"

"நான் ஏங்க்கா சொல்லப்போறேன்..."

"சொல்லுடி. சொல்றதுன்னா முழுசாச் சொல்லு. பாதியில நிறுத்திட்டு எம்மருமகன் பேர மட்டும் தூக்கிட்டு அலையாத. அதுக்குத்தான் இவ்வளவு சத்தமாச் சொல்றேன்."

நான் சுவிட்சைப் போட்டு, லைட்டைப் பார்த்தேன். மினுக்கவில்லை. லிஃப்டை நோக்கித் திரும்பினேன். நாற்காலி நேராகப் போனது.